நிகர எடை

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஆ சூன் கோப்பிக் கடையில்
எண்ணெய்ப் பசை போகாத மேசைமேல்
கடலை விரித்தான் ஜீவேந்திரன்.
நான்காய் மடித்த கடல்.
பால்கனியில் ஒரு வெள்ளைக்காரி, கையில் ஆரஞ்சுச் சாறு.
"போர்ட்டிக்சன் அக்கா. ரெண்டு லட்சத்து எண்பதாயிரம்.
கடனை வாடகையே கட்டிடும்.
நீங்க படுத்துத் தூங்கலாம்."

தூக்கம் என்றதும் சற்குணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்,
இரவு லாரியிலிருந்து நேராக வந்தவர்.

எனக்குக் கேள்வி கேட்கத் தெரியாது.
பதினேழு வருடமாகச் செம்பனை ஆலையின் எடைமேடையில்
ஒரே கணக்கைத்தான் போடுகிறேன்.
லாரி பழத்தோடு வரும், எழுதுவேன்.
கொட்டிவிட்டுத் திரும்பும், எழுதுவேன்.
கழித்து வருவதற்குத்தான் காசு.
லாரியின் எடைக்கு யாரும் ஒரு காசு தந்ததில்லை.

பழக்க தோஷம், கேட்டுவிட்டேன்:
மாசம் ஆயிரத்து எண்ணூறு வரும்ங்கிறியே,
அது எந்த எடை, தம்பி?

ரசீதின் பின்பக்கம் கழித்துக்கொண்டே போனோம்.
வங்கித் தவணை ஆயிரத்து இருநூற்று அறுபது.
பராமரிப்பு, அது இது, இருநூற்று எழுபத்தைந்து.
நான்கு முறை ஆள் வந்தால் நான்கு முறை சுத்தம்,
முறைக்கு அறுபது.
மிச்சம் இருபத்தைந்து வெள்ளி.
ஏர்கானை இன்னும் கழுவவில்லை.
நிலவரி கட்டவில்லை.
மழை மாதம் வரவில்லை.

"விலை ஏறும் அக்கா."
எப்போ?
"ஏறும்."
விற்க நினைச்சா எத்தனை மாசம் ஆகும்?
கோப்பியைக் கலக்கினான்.
சீனி போடாத கோப்பி.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம்.
கடல் இருந்தது,
குளியலறை ஜன்னலில், கால்விரலில் எக்கினால்.
பக்கத்து வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த சுலாஸ்திரியிடம்
மலாயில் விசாரித்தேன்.
பள்ளி விடுமுறைக்குக் கூட்டம் தாங்காதாம்,
லிஃப்டெல்லாம் மணலாம்.
மற்ற நாளில்?
"செவ்வாய்க்கிழமை எல்லாக் குழாயையும் திறந்துவிடுவேன்,
ஐந்து நிமிடம்.
ஆளில்லாத வீட்டில் குழாய் நாறும்."
இந்த மாடியில் எத்தனை வீடு அப்படி?
"பதினொன்று," என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

படிவத்தில் ஒரு கட்டம்.
உதவியாக இருக்கட்டுமென்று
ஜீவேந்திரன் தமிழில் வாசித்தான்:
முதல் வீடா, முதலீடா?
வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கிறது.
அவனுக்கே சிரிப்பு வந்தது.
சற்குணனுக்கு வரவில்லை.

நாங்கள் இருப்பது ஆலைக் குடியிருப்பு, எண் பதினான்கு.
சுவரில் சாயம் கம்பெனியுடையது,
கதவில் பூட்டும்.
நான் வேலையை விட்டால் முப்பது நாள் தவணை.
"ஊரான் லீவுக்கு வந்து தங்க வீடு வாங்குறோம்," என்றார்.
"நமக்கு மொத்தமா லீவு விட்டா எங்க தங்குறது?"
ஜீவேந்திரன் கைப்பேசியைப் பார்த்தான்.
அது அடிக்கவில்லை.

திங்கள் மதியம் மேடையில் லாரி இல்லை.
மைவியை ஏற்றச் சொன்னேன்.
இருவரும் உள்ளே உட்கார்ந்திருக்க
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ரொஸ்னா கத்தினாள்:
ஆயிரத்து நூற்று நாற்பது!
இறங்கினோம்.
ஆயிரம்!
நூற்று நாற்பது கிலோ.
இதை நம்பித்தான் வங்கி
இருபத்தொன்பது வருடம் காத்திருக்கப் போகிறது.

வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார்,
"இதுல நான் எவ்வளவு?"
மேடை பிரித்துக் காட்டாது, என்றேன்.

கட்டம் நிரப்பாத படிவத்தை
இரும்புத் தகட்டின்மேல் தனியாக வைத்துப் பார்த்தார்.
எண் அசையவில்லை.
பின்னால் பழ லாரி ஹாரன் அடித்தது.
காடிய எடுங்க, என்றேன்,
வரிசை நிக்குது.